ஜவ்பர் எழுதிய டிரைவர்

றொபின்சனுடைய இறால் குளங்களில் ஒன்று ஒரே விடியலில் செத்துப்போனது. முந்தலுக்குக் கொஞ்சம் உள்ளே, களப்பை ஒட்டிய நிலத்தில் அவன் இரண்டு குளம் வைத்திருந்தான். வெயில் ஏற முந்தி தண்ணீரில் ஒட்சிசன் இறங்கிவிட்டால் இறால் மூச்சுக்குத் தவித்து மேலே வரும். அந்த நேரத்தில் காற்றேற்றும் சக்கரங்களை ஓடவிட்டால் பிழைத்துக்கொள்ளும். காவல்காரன் அன்றைக்கு அயர்ந்துவிட்டான். மோட்டார் பார்க்க வந்த ஜவ்பர் கண்டது கரை நெடுகக் கிடந்த வெள்ளை இறால்களையும் அவற்றின் நடுவே குந்தியிருந்த றொபின்சனையும்தான்.

"மோட்டர் பழுதில்ல மச்சான்," என்றான் றொபின்சன். "தண்ணிக்குள்ள என்ன நடக்குது எண்டு ஆரும் எனக்குச் சொல்லேல்ல. அவ்வளவுதான்."

அந்தப் பேச்சு ஜவ்பரைப் பிடித்துக்கொண்டது.

ஜவ்பரின் உம்மா ஜுனைதா, புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றிய தொண்ணூறாம் ஆண்டு, மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வள்ளம் ஏறிக் கல்பிட்டியில் வந்திறங்கியவர். ஜவ்பர் பிறந்தது பாலாவிக்குப் பக்கத்தில் அகதி முகாம் ஒன்றின் கிடுகுக் கொட்டிலில். பிறகு அந்த முகாமே கல்வீடுகளும் பள்ளிவாசலுமாக ஊராகிவிட்டது. வாப்பா அதைப் பார்க்க இருக்கவில்லை. உயர்தரத்தில் கணிதம் எடுத்தும் கம்பஸுக்குப் புள்ளி காணாமல் போனதால், தொழில்நுட்பக் கல்லூரியில் மின்சார வேலை படித்து, மோட்டார் சைக்கிளில் பண்ணை பண்ணையாகத் திரிந்து பழுது பார்த்தான் அவன். றொபின்சன் குடும்பம் வன்னியிலிருந்து சண்டைக்கு ஓடி வந்தது. இரண்டு பேரும் சிநேகிதமானதே இதைச் சொல்லிச் சிரித்துத்தான்.

"உங்களைத் துரத்தினது எங்கட ஆக்கள். எங்களைத் துரத்தினது ஆமி," என்பான் றொபின்சன். "கடைசியில ரெண்டு பேரும் இந்த உவர்த் தண்ணிக்குள்ளதான் வந்து விழுந்தம்."

வெளிநாட்டு உறவுக்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த ஒட்சிசன் அளக்கும் கருவி ஒன்று றொபின்சனின் அலுமாரியில் சும்மா கிடந்தது. தண்ணீரில் தொங்கவிடும் ஒரு முனை, அதன் தலையில் ஒரு சின்னச் சிப். ஜவ்பர் அதைத் தன்னிடமிருந்த கையளவு கம்பியூட்டர் பலகையோடு இணைத்துப் பார்த்தான். அப்படியொரு கருவி இருப்பதே கம்பியூட்டருக்குத் தெரியவில்லை. அந்தச் சிப்புக்கு டிரைவர் இல்லை. கருவி சொல்வதைக் கம்பியூட்டருக்கு விளங்கவைக்கிற புரோகிராமை உலகத்தில் ஒருவரும் இன்னும் எழுதியிருக்கவில்லை.

"அப்ப நாம எழுதுவம்," என்றான் ஜவ்பர், சந்திக்குப் போய்ப் பாண் வாங்கி வருகிறவனைப் போல.

அது அப்படி லேசான வேலையாக இருக்கவில்லை. நெட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்த பாடங்களைப் பொறுக்கி எழுதினான். கம்பியூட்டர் அப்படியே உறைந்து நின்றது. மறுபடி எழுதினான், மறுபடி உறைந்தது. சாதாரணப் புரோகிராமில் பிழை விட்டால் அந்தப் புரோகிராம் மட்டும்தான் விழும். டிரைவர் ஓடுவது இயங்குதளத்தின் நெஞ்சுக்குள். அதில் பிழை விட்டால் முழு வீடும் இடிந்து தலையில் விழும். ஏன் விழுந்தது என்று சொல்லக்கூட ஒன்றும் மிஞ்சாது.

மகன் டிரைவர் படிக்கிறான் என்று உம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தார். பள்ளிவாசலில் கண்டவர்கள், "லைசன் கெடச்சிட்டா?" என்று கேட்டார்கள். சிமெந்து லொறிக்கு ஆள் தேடிய ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார். அவன் மனைவி ஸாஜிதாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கலியாணம் முடித்து வந்த புதிது.

"என்ட மாப்பிள்ள ஓட்டுற வாகனத்துக்கு டயரே இல்ல காக்கா," என்று உள்ளே இருந்து சொன்னாள்.

ஒருநாள் மனம் விட்டுப்போய், டிரைவர் எழுதுகிறவர்கள் எழுதிக்கொள்ளும் பொது மின்னஞ்சல் குழுவில் தான் எழுதிய புரோகிராம் கோட்டைப் போட்டு, தன் உடைந்த ஆங்கிலத்தில் உதவி கேட்டான். எந்த நாட்டுக்காரர் என்றே தெரியாத ஒருவர் பதில் போட்டார். பாடங்களை மூடி வை, உன் சிப்புக்குக் கிட்டத்தட்ட ஒத்த ஒரு சிப்புக்கு யாரோ நல்லபடி எழுதிய டிரைவர் ஒன்றை எடு, ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்லத் தெரியும்வரை உன்னுடையதில் ஒரு வரியும் எழுதாதே. அவ்வளவுதான் அந்தப் பதில்.

வெளிச்சத்தை அளக்கும் ஒரு சிப்புக்கு எழுதப்பட்ட டிரைவரைத் தேர்ந்தெடுத்தான். சின்னதும் சுத்தமானதுமான ஒன்று. திரையில் படித்தால் கண் ஓடிவிடுகிறது என்று முந்தலில் ஒரு கொமினிகேஷன் கடையில் பிரிண்ட் எடுத்தான். இன்னும் சில டிரைவர்களும் எடுத்தான். வேலைக்குப் போகிற இடமெல்லாம் அந்தத் தாள்கள் கூடப் போயின. மோட்டார் ஆறும்வரை தென்னை நிழலில் இருந்து ஒரு வரியைப் பார்த்துக்கொண்டே இருப்பான். விளங்கினதும் ஓரத்தில் தமிழில் எழுதுவான்: 'சிப்பை நம்பாதே. கேட்டது கிடைத்ததா என்று பார்.' 'ரெண்டு பேர் ஒரே நேரம் கேட்டால் பதில் கலந்துபோகும், அதனால் இங்கே பூட்டு.' 'நடுவில் உடைந்தால், எடுத்த வரிசைக்குத் தலைகீழாக எல்லாவற்றையும் திருப்பிக் கொடு.' விளங்காத வரியை அழித்துவிட்டு ஓடவிட்டுப் பார்ப்பான். எது கெடுகிறதோ அதற்காகத்தான் அந்த வரி.

அதை எழுதியவன் எவ்வளவு மரியாதையானவன் என்று அவனுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. தேவையில்லாத ஒரு சொல் இல்லை. தனக்குப் பிறகு யாரோ ஒருவன் வந்து படிப்பான் என்று தெரிந்து, அவனுக்காகப் பாதையில் கிடந்த முள்ளை எடுத்துவிட்டுப் போனது போல இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒருவரும் ஜவ்பருக்கு இவ்வளவு பொறுமையாக எதையும் காட்டித் தந்ததில்லை.

றொபின்சனின் அக்கா வதனா நீர்கொழும்புப் பக்கம் கலியாணம் முடித்திருந்தாள். மகளையும் கூட்டிக்கொண்டு அடிக்கடி தம்பியைப் பார்க்க வருவாள். வரும்போது ஜவ்பருக்கும் சேர்த்து ஏதாவது செய்து கொண்டுவருவாள். அவன் ஹலால் பார்க்கிறவன் என்று மீனும் மரக்கறியும் மட்டும், அதற்கென்றே வேறாக வைத்த சட்டியில் சமைத்தது.

"என்ன தம்பி, இன்னும் அந்தக் கடதாசிதானா? வேதாகமத்தைக்கூட இப்பிடி ஒருத்தரும் படிக்கிறேல்ல."

"முடியப்போகுது அக்கா."

"போன மாசமும் இதைத்தானே சொன்னனீர்."

முடிந்த நாளில் அவளும் அங்கே இருந்தாள். பொழுது சாய்கிற நேரம், காற்று விழுந்திருந்தது. ஜவ்பர் முனையைத் தண்ணீரில் இறக்கி, குளத்துக் கட்டில் குந்தி, மடியில் வைத்த கம்பியூட்டரில் தன் டிரைவரை ஏற்றினான். உறையவில்லை. திரையில் ஒரு எண் வந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு எண். றொபின்சன் ஒட்சிசன் பார்க்கும் தன் பழைய கைமீற்றரை அதே இடத்தில் முக்கிப் பார்த்தான். இரண்டும் ஒன்று. நம்பாமல் மறுகரைக்கு ஓடி அங்கேயும் முக்கினான். அங்கேயும் ஒன்று.

"கதைக்குதடா!" என்று கத்திக்கொண்டு வந்து ஜவ்பரைத் தூக்கியே விட்டான். இரண்டு பேரும் குளக்கட்டிலிருந்து சறுக்கிச் சேற்றில் விழுந்தார்கள். வதனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுடைய மகளுக்கு ஒன்றும் விளங்காமல் அவளும் சிரித்தாள். ஜவ்பர் தன் வாழ்நாளில் அவ்வளவு சந்தோசப்பட்டதில்லை. கலியாணத்தன்றுகூட இவ்வளவு இல்லை என்று ஸாஜிதாவிடமே சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டான்.

அதன்பிறகு வேலை வேகமாக நடந்தது. எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் வைத்துக் குளக்கட்டில் பொருத்தி, ஒட்சிசன் இறங்கினால் சக்கரங்கள் தாமாக ஓடவும், றொபின்சனின் போனுக்குச் செய்தி போகவும் செய்தான். குறித்த நேரத்துக்கு ஒருதரம் சிப்பைத் தட்டி எழுப்பி அளக்கவைக்கிற பகுதிக்கு அந்தத் துறையில் 'ட்ரிகர்' என்று பெயர். அதையும் நல்ல கோட் ஒன்றைப் பார்த்துத்தான் எழுதினான். ஒரு பருவம் முழுக்க ஒரு இறாலும் மூச்சு முட்டிச் சாகவில்லை. இரண்டாவது குளத்துக்கும் ஒன்று செய்து தா என்று றொபின்சன் கேட்டான். பக்கத்துப் பண்ணைக்காரர்களும் கேட்கத் தொடங்கினார்கள். ஜவ்பர் தன் டிரைவரை ஒழுங்குபடுத்தி, எல்லோருக்கும் பொதுவாக அனுப்பிவைக்கத் தயாரானான். யாரோ எழுதியதைப் படித்துத்தானே தான் இதைக் கற்றது. தன்னுடையதையும் யாராவது படிக்கட்டும் என்று ஆசை. இரண்டாவது பெட்டி அவன் வீட்டு மேசையில் அரைகுறையாக இருந்தது: ஒரு பற்றரி, ஒரு பழைய போன், ஒரு சுற்றுப்பலகை, இவற்றைக் கோத்த வயர்கள்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த உயிர்த்த ஞாயிறு வந்தது.

தேவாலயங்களில் குண்டு வெடித்தது என்று கேள்விப்பட்டதும் ஜவ்பர் முதலில் எடுத்தது றொபின்சனுக்குத்தான். பதில் இல்லை. மத்தியானம் முந்தலிலிருந்து ஒருவர் சொன்னார். வதனாவும் மகளும் பூசைக்குப் போயிருந்தார்கள். இரண்டு பேரும் இல்லை.

ஜவ்பர் சேட்டை மாட்டிக்கொண்டு சாவியை எடுத்தான். உம்மா வாசலில் குறுக்கே நின்றார்.

"போவாதீங்க மகன்."

"வதனா அக்கா உம்மா. நான் போவாம எப்படி?"

"எனக்கும் தெரியும் மகன். அந்தப் புள்ள எனக்கி மருந்து வாங்கித் தந்த புள்ள. ஆனா இன்டைக்கி ஒங்கட தொப்பியையும் தாடியையும் கண்டா அங்க ஆரு ஒங்கள ஜவ்பர் எண்டு பாப்பாங்க?"

ஸாஜிதா வயிற்றில் பிள்ளையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே ஊரடங்கு போட்டாயிற்று. ஜவ்பர் சேட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்தான். றொபின்சனுக்கு மறுபடி மறுபடி எடுத்தான். செய்தி எழுதினான், அழித்தான், எழுதினான். என்ன எழுதினாலும் அந்த நேரத்தில் அது கேவலமாகத் தெரிந்தது. கடைசியில் ஒன்றையும் அனுப்பவில்லை. அடக்கம் நடந்தபோது அவன் வீட்டில் இருந்து அழுதான்.

குண்டு வைத்தவர்கள் முஸ்லிம்கள் என்று தெரிந்ததும் அந்தக் கிழமை முஸ்லிம் ஊர்களில் ஊர் ஊராகச் சோதனை நடந்தது. ஜவ்பர் வீட்டுக்கும் ஆமியும் பொலிசும் வந்தார்கள். அலுமாரியைக் கொட்டினார்கள், மாவு டின்னைக் கொட்டினார்கள். பிறகு ஒருவன் மேசையைக் கண்டு அப்படியே நின்றுவிட்டான். மற்றவர்களைப் பின்னால் போகச் சொன்னான். பற்றரி, போன், வயர். அவர்கள் பார்த்ததில் பிழையில்லை என்று ஜவ்பரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறான். அந்தக் கிழமையில் அதைப் பார்க்கிற எவனுக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும்.

"இது இறால் குளத்துக்கு சேர், தண்ணீர் அளக்க," என்று சிங்களத்தில் சொன்னான். ஒருவரும் கேட்கவில்லை. தாள்களை எடுத்தார்கள். ஆங்கிலம் தெரிந்த ஒருவர் புரட்டிப் பார்த்தார். ட்ரிகர் என்ற சொல்லில் விரல் நின்றது. இன்னொரு டிரைவரில் 'கில்', அதாவது 'கொல்', என்று ஒரு கட்டளை, ஓடிக்கொண்டிருக்கும் வேலையை நிறுத்துவதற்கு எல்லா டிரைவர் எழுத்தாளர்களும் பாவிக்கும் சாதாரணச் சொல். அதிலும் நின்றது. ஓரங்களில் அவருக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து.

ஜவ்பரை ஏற்றிக்கொண்டு போனார்கள். வாகனத்தின் பின்னால் கொஞ்சத் தூரம் ஸாஜிதா ஓடினாள். அக்கம்பக்கத்துக் கதவுகள் மூடியே இருந்தன.

விசாரித்த அதிகாரி கெட்ட மனிதர் இல்லை. 'மல்லி', தம்பி என்றுதான் கூப்பிட்டார். தாள்களை மேசையில் பரப்பி, ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொன்னார். ஜவ்பர் சொன்னான். இது சிப்பைத் தேடிப் பார்க்கிற இடம். இது பூட்டு. இது கேட்ட பதில் சரிதானா என்று பார்க்கிறது. ட்ரிகர் என்றால் துப்பாக்கி விசை இல்லை சேர், மணி அடித்ததும் பிள்ளைகள் வகுப்புக்குப் போகிறார்களே, அந்த மணி மாதிரி. எத்தனையோ மாதம் தென்னை நிழலில் இருந்து ஆசை ஆசையாகக் கற்ற வரிகளை, ஜன்னல் இல்லாத அறையில், நா உலர உலர, உயிருக்காக ஒப்புவித்தான்.

அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பாதி விளங்கியும் இருக்கும். "நான் நம்பி ஒன்றும் ஆகப்போவதில்லை மல்லி," என்றார். "இது குளத்துக்குச் செய்தது என்று சொல்ல வேறு யாராவது இருக்கிறார்களா?"

ஜவ்பருக்கு முகம் மலர்ந்தது. "இருக்கிறான் சேர். றொபின்சன். முந்தலில். அவனுடைய குளக்கட்டிலேயே முதலாவது பெட்டி பூட்டியிருக்கிறது. போய்ப் பாருங்கள்."

அவர்கள் போனார்கள். அதிகாரி திரும்பி வந்தார். தண்ணீர் போத்தல் ஒன்றை ஜவ்பரின் பக்கம் தள்ளி வைத்தார்.

"குளக்கட்டில் ஒரு பெட்டியும் இல்லை. பக்கத்துப் பண்ணைக்காரர்களும் ஒன்றும் தெரியாது என்கிறார்கள். மோட்டார் திருத்த வருகிறவன், மற்றபடி என்ன செய்கிறான் என்று தனக்குத் தெரியாது என்கிறான் உன் ஆள்."

ஜவ்பர் அவரையே பார்த்துக்கொண்டு இருந்தான். தன் சிங்களத்தில்தான் ஏதோ பிழை, தான்தான் தவறாக விளங்கிக்கொண்டோம் என்று நினைத்தான். இன்னொரு தரம் சொல்லச் சொன்னான். அவர் இன்னொரு தரம் சொன்னார்.

அன்றிலிருந்து அவன் கோட்டைப் பற்றி ஒருவருக்கும் ஒன்றும் விளக்கவில்லை.

தாள்களும் கம்பியூட்டரும் கொழும்புக்குப் பரிசோதனைக்குப் போயின. அறிக்கை வரும்வரை ஆள் உள்ளே இருக்க வேண்டும். அறிக்கை வரவில்லை. வழக்குத் தவணைக்குமேல் தவணை போனது. உம்மா பஸ் மாறிப் பஸ் மாறி வந்து பார்ப்பார். சீனி வருத்தத்தில் காலில் புண் வைத்திருந்தது, அதைச் சொல்லமாட்டார். பிள்ளை பிறந்த செய்தியையும் அவர்தான் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார். பெண் பிள்ளை. நிஸ்ரின் என்று பெயர் வைக்கவா என்று ஸாஜிதா கேட்டு வரச் சொன்னாளாம். வையுங்கள் என்றான் ஜவ்பர். உள்ளே இருந்து மகளுக்குச் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

கடைசியில் அறிக்கை வந்தது. தாள்களில் ஆபத்தான ஒன்றும் இல்லை, நீரின் ஒட்சிசனை அளக்கும் கருவிக்கான மென்பொருள் என்று எழுதியிருந்தது. ஜவ்பர் முதல் நாளிலேயே சொன்ன அதே விஷயம். வழக்கில்லை என்று விட்டார்கள். அவன் வீட்டு வாசலுக்கு வந்தபோது நிஸ்ரின் சுவரைப் பிடித்து நடந்து வந்தாள். அவனைக் கண்டதும் வீரிட்டு அழுதுகொண்டு ஸாஜிதாவின் பின்னால் ஒளிந்தாள்.

றொபின்சன் வர நாள் எடுத்தது. அவன் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்த மத்தியானம். மெலிந்து, கிழவனைப் போல ஆகியிருந்தான். வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு உள்ளே வரட்டுமா என்று கேட்டான். முன்பெல்லாம் கேட்டதே இல்லை.

"வாங்க," என்றாள் ஸாஜிதா. தேத்தண்ணி வைக்க உள்ளே போனாள். குசினியில் கோப்பைகள் சத்தம் போட்டன.

றொபின்சன் கதிரை நுனியில் இருந்தான்.

"பெட்டியைக் கழட்டி வாய்க்காலுக்குள்ள எறிஞ்சது நான்தான்," என்றான் றொபின்சன். "எல்லாப் பண்ணையிலும் தேடுறாங்கள் எண்டு கேள்விப்பட்டன். போனும் வயருமா அது… பயந்திட்டன் மச்சான்."

"ம்."

"அது மட்டும் எண்டு சொன்னா பொய். அவங்கள் வந்து உன்ர பேரைச் சொல்லேக்க வதனாவைத் தாட்டு ரெண்டு நாள். சின்னவளின்ர சவப்பெட்டி எவ்வளவு சின்னன் எண்டு தெரியுமே உனக்கு? அது குளத்துக்கு நீ செய்தது எண்டு எனக்குத் தெரியும். நீ அப்பிடி இல்ல எண்டும் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் தெரியாது எண்டனான். அந்த நேரம் உங்கட ஆக்கள் ஒருத்தராவது நோகட்டும் எண்டு இருந்தது."

 உள்ளே இருந்த நாட்களில் ஜவ்பர் இந்தச் சந்திப்பை எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறான். சட்டையைப் பிடித்து உலுக்குவது போல, கதவை அறைந்து சாத்துவது போல. இப்போது வாயில் வந்தது வேறு.

"அக்காட அடக்கத்துக்கு நான் வரல்ல," என்றான். "ஒரு மெசேஜ்கூடப் போடல்ல."

"நீ எப்பிடி வந்திருப்பாய்?"

"வந்திருக்கணும்."

றொபின்சன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். ஜவ்பர் எழுந்து போய் அவன் தோளைத் தொடவில்லை. தொட வேண்டும் என்று கை சொன்னது. அவன் கையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டான். ஸாஜிதா தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போனாள். அது ஆடை படர்ந்து ஆறியது.

போகும்போது றொபின்சன் கேட்டான். "குளத்துக்குத் திரும்ப ஒருக்கா வாறியே? பெட்டி வேண்டாம். சும்மா."

"ஏலாது மச்சான்."

"ஏலாது எண்டு தெரியும்," என்றான் றொபின்சன். "கேக்காமப் போனா பிறகு கேட்டிருக்கலாமே எண்டு இருக்கும். அதுதான்."

அவன் பிறகு குளங்களை விற்றுவிட்டு இத்தாலிக்குப் போய்விட்டான். இந்தக் கரையிலிருந்து போகிறவர்கள் பலர்; அவனும் ஒருவன். போகும் முன் வந்து சொல்லவில்லை. வந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று ஜவ்பருக்கும் தெரியாது.

ஜவ்பர் பண்ணைகளுக்குப் போவதை விட்டான். அவன் விடாவிட்டாலும் கூப்பிட யாரும் இருக்கவில்லை. பாலாவிச் சந்தியில் அபூசாலி என்பவரின் இரும்புக் கடையில் சாமான் நிறுத்துக் கொடுக்கிறான். சீருடையைக் கண்டால் இப்போதும் கடையின் பின்பக்கம் போய்விடுவான். வீட்டில் வயர்த் துண்டு ஒன்று கிடந்தால்கூட எடுத்து எறிந்துவிடுவான். அயன்பொக்ஸ் பழுதானபோது ஸாஜிதா வெளியில் கொடுத்துத்தான் திருத்தினாள்.

போன வருடம் ஒருநாள், கடையில் ஆள் இல்லாத நேரம், சும்மா போனைப் பார்த்துக்கொண்டிருந்தவன் அந்தச் சிப்பின் பெயரைத் தேடினான். ஏன் தேடினான் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதற்கு டிரைவர் எழுதி ஒரு பெண் அந்த மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்பியிருந்தாள். எங்கோ குளிர் நாட்டுக்காரி. ஜவ்பர் முதல் வரியிலிருந்து படித்தான். நல்ல எழுத்து. தான் சுற்றி வளைத்துப் போன இடத்தில் அவள் நேராகப் போயிருந்தாள். ஓரிடத்தில் 'அட' என்று வாய்விட்டுச் சொன்னான். ஆணி கேட்டு வந்தவர் அவனை ஒரு மாதிரிப் பார்த்தார்.

கீழே அவள் ஒரு வேண்டுகோள் வைத்திருந்தாள். அந்தச் சிப் கையில் உள்ளவர்கள் யாராவது உவர்த் தண்ணீரில் சோதித்துப் பார்த்திருந்தால் சொல்லுங்கள், தன்னிடம் அப்படி இடம் இல்லை. சோதித்தவர் தன் பெயரைப் போட்டு ஒரு வரி எழுதினால் போதும், அந்தப் பெயரும் டிரைவரோடு சேர்த்து வைக்கப்படும். அங்கே அதுதான் வழக்கம்.

இந்தச் சிப்பை ஒரு பருவம் முழுக்க உவர்த் தண்ணீரில் தொங்கவிட்டுப் பார்த்தவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? ஜவ்பருக்கு அந்த எண்கள் இப்போதும் மனப்பாடம். வெயிலில் எவ்வளவு ஏறும், மழைத் தண்ணீர் கலந்தால் எவ்வளவு பிசகும், எல்லாம். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து எழுதத் தொடங்கினான். ஆங்கிலம் கைக்கு வரவில்லை. நிறுத்தி நிறுத்தி எழுதினான். ஸாஜிதா பின்னால் வந்து நின்று பார்த்தாள். அவன் இப்படிக் குனிந்திருந்து அவள் கண்டு வருடங்கள் ஆகிவிட்டன. மூச்சு விட்டால் கலைந்துவிடும் போல நின்றாள்.

கடைசி வரிக்கு வந்தான். சோதித்தது யார். சோதித்தது எங்கே.

தன் பெயரை ஆங்கிலத்தில் எழுதினான். அதற்குப் பக்கத்தில், அந்த டிரைவரில் வரும் ட்ரிகர் என்ற சொல். உலகத்தில் யார் தேடினாலும் இரண்டும் சேர்ந்து வரும். இடம் என்று எழுத வேண்டியது முந்தல், றொபின்சனின் குளம். அந்தக் குளம் வற்றி இப்போது புல் முளைத்துவிட்டது. இந்தப் பெயர் அங்கே வேலை செய்தது உண்மையா என்று யாராவது கேட்டால், ஓம் என்று சொல்லவேண்டிய ஆள் ஒருதரம் இல்லை என்று சொல்லிவிட்டான். அன்று கூட இருந்து கண்ட மற்ற இரண்டு பேரும், வதனாவும் மகளும், மண்ணுக்குள்.

"அனுப்புங்களே," என்றாள் ஸாஜிதா மெதுவாக. "பேர்தானே."

ஜவ்பர் கடைசி வரியை இன்னொரு தரம் படித்தான். விரலைத் திரையில் வைத்து, பின்பக்கமிருந்து ஒவ்வொரு எழுத்தாக அழித்தான். முதலில் ஊர், பிறகு பெயர், பிறகு எண்கள். அழித்து முடிந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து கைகால் கழுவப் போனான்.

நிஸ்ரின் வந்து அந்தக் கதிரையில் ஏறி இருந்துகொண்டு, "வாப்பா என்ன எழுதின?" என்று தன் உம்மாவைக் கேட்டாள்.

"ஒண்டுமில்ல மகள்," என்றாள் ஸாஜிதா. அவளுடைய கண் நிறைந்துவிட்டதைப் பிள்ளை காணாமல் இருக்க, குசினிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.